கோளாறு லாக் கோப்புகளை உதவி மையத்துக்கு எஸ்எஃப்டிபி வழியாக அனுப்புவது எப்படி?

சர்வர் நின்றாலும் சரி, பேக்கப் பெட்டி மக்கர் செய்தாலும் சரி, உதவி மையத்திலிருந்து முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "லாக் கோப்புகளை எங்கள் எஃப்டிபி-யில் ஏற்றுங்கள்." லாக் என்பது கணினி தன்னுள் நடப்பதை எழுதி வைக்கும் பதிவேடு, எஃப்டிபி என்பது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு அனுப்பும் முறை. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர், முந்திரி, ஜவுளி வியாபார அலுவலகங்களில் கணினியைக் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் கணக்கு எழுதுபவரேதான். அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு அவர் யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்க வேண்டியதில்லை. கோப்பை ஏற்றத் தொடங்குவது பத்து நிமிட வேலை. எதை ஏற்றுகிறோம், எப்போது எடுத்து வைத்தோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மின்னஞ்சலில் அனுப்பினால் ஆகாதா? ஜிமெயிலில் இணைப்புக்கு 25 எம்பி வரைதான் இடம். சர்வரின் மெமரி டம்ப், அதாவது அது விழுந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததன் நகல், ஜிபி கணக்கில் இருக்கும்.

முதல் வேலை: அணைக்காதீர்கள்

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. இடி இடித்தால் மின்சாரம் போகும், வந்தபின் ஏதாவது ஒரு பெட்டி முரண்டு பிடிக்கும். உடனே அதை அணைத்துப் போடத்தான் கை போகும். அப்படிச் செய்தால் தடயம் அழிய வாய்ப்பு அதிகம். விண்டோஸின் சிஸ்டம் லாக் வழக்கமாக 20 எம்பி நிறைந்ததும் பழைய பதிவுகளின் மேலேயே எழுதும். நீலத்திரை வந்து விழும்போது உருவாகும் மெமரி டம்ப் கோப்பும், அடுத்த முறை விழும்போது பழையதை அழித்துவிட்டுத்தான் உட்காரும். பெட்டி இயங்கும் நிலையில் இருந்தால் முதலில் கோப்புகளை எடுங்கள். ரீஸ்டார்ட் பிறகு.

விண்டோஸில் லாக்குகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் மீது வலது கிளிக் செய்து, 'சேவ் ஆல் ஈவென்ட்ஸ் ஆஸ்' கொடுங்கள். அப்ளிகேஷன் லாக்கையும் அப்படியே எடுங்கள். சி டிரைவின் விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற கோப்புறை இருந்தால் அதையும் நகலெடுங்கள். பேக்கப் பெட்டி, ஃபயர்வால் போன்றவற்றின் நிர்வாகப் பக்கத்தில் சப்போர்ட் பண்டில் போன்ற பெயரில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் எல்லாம் ஒரே கோப்பாக வந்துவிடும்.

கோளாறு நடந்த நேரத்தை ஒரு தாளில் குறித்து, பக்கத்திலேயே 'இந்திய நேரம்' என்றும் எழுதுங்கள். பல கருவிகள் உலகப் பொது நேரத்தில்தான் பதிவு செய்கின்றன. உங்களுக்குக் காலை 10.30 என்றால் லாக்கில் 5.00 என்று இருக்கும். இந்த ஐந்தரை மணி நேரம் புரியாமல் உதவி மையத்தார் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

கட்டுவதும் பெயரிடுவதும்

எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு ஜிப் செய்யுங்கள். பெயரில் கேஸ் எண் (உங்கள் புகாருக்கு உதவி மையம் தந்த எண்) கட்டாயம் வேண்டும், பிறகு நிறுவனப் பெயர், தேதி. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு போதும். தமிழ் எழுத்தோ இடைவெளியோ வைத்தால் சில சர்வர்களில் பெயர் சிதைந்துவிடும். கேஸ் எண் இல்லாத கோப்பு, முகவரி எழுதாமல் வடசேரி பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்ட பார்சல் போலத்தான்: போய்ச் சேரும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

மெமரி டம்ப் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. அந்த நொடியில் நினைவகத்தில் இருந்ததெல்லாம், கடவுச்சொல், வாடிக்கையாளர் விவரம் உட்பட, அதில் இருக்கலாம். முதலாளியிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். செவன்-ஜிப் என்ற மென்பொருளில் ஏஇஎஸ்-256 என்ற மறைக்குறி முறையில் பூட்டி, கடவுச்சொல்லைத் தொலைபேசியில் சொல்லுங்கள். அதே மென்பொருளில் கோப்பின் மீது வலது கிளிக் செய்தால் எஸ்எச்ஏ-256 எண்ணும் (கோப்பு சிதையாமல் போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் எண்) கிடைக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு

எஃப்டிபி-யின் முதல் விதிமுறையை 1971-இல் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். நல்ல வேலைதான், ஆனால் அந்தக் கால எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இலேயே அதைக் கைவிட்டுவிட்டன. அதனால் அவர்கள் தந்த இணைப்பை உலாவியில் சொடுக்கினால் திறக்கவில்லையே என்று குழம்பாதீர்கள். எஸ்எஃப்டிபி வசதி உண்டா என்று கேளுங்கள். அது எல்லாவற்றையும் மறைக்குறியாக்கி அனுப்பும்.

கோப்பு அனுப்பும் மென்பொருளான ஃபைல்ஜில்லா கிளையண்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். நிறுவும்போது வேறு மென்பொருள் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். திறந்ததும் சைட் மேனேஜரில் புதிய சைட் ஒன்றைச் சேர்த்து, புரோட்டோகால் எஸ்எஃப்டிபி, ஹோஸ்ட் (அவர்கள் சர்வரின் முகவரி), பயனர் பெயர் ஆகியவற்றை நிரப்புங்கள். போர்ட் (சர்வரின் நுழைவாயில் எண்) வேறு சொல்லவில்லை என்றால் 22. லாகான் டைப்பில் 'ஆஸ்க் ஃபார் பாஸ்வேர்ட்' வைப்பதே நல்லது, அலுவலகக் கணினியை நாலு பேர் தொடுவார்கள்.

முதல் முறை இணைக்கும்போது சர்வரின் கைரேகை எண்ணைக் காட்டி, நம்பலாமா என்று கேட்கும். உதவி மையம் தந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து ஓகே கொடுங்கள். எண் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

அனுப்புதல்

இடப்பக்கம் உங்கள் கணினி, வலப்பக்கம் அவர்கள் சர்வர். வலப்பக்கத்தில் அவர்கள் சொன்ன கோப்புறையைத் திறந்து, இடப்பக்கத்தில் ஜிப் மீது வலது கிளிக் செய்து அப்லோட் கொடுங்கள். பழைய எஃப்டிபி-தான் கிடைத்தது என்றால், டிரான்ஸ்ஃபர் டைப்பை பைனரி ஆக்கிக்கொள்ளுங்கள். எழுத்துக் கோப்புகளுக்கான ஆஸ்கி முறையில் போனால் ஜிப் கெட்டுவிடும்.

எவ்வளவு நேரம் ஆகும்? அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால் 4 ஜிபி கோப்புக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேகம் 2 மெகாபிட்டுக்கு இறங்கினால் நாலரை மணி நேரம். மடிக்கணினியின் ஸ்லீப்பை நிறுத்தி, சார்ஜரைச் செருகிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். நடுவில் அறுந்தால் மறுபடி அப்லோட் கொடுத்து, வரும் பெட்டியில் ரெஸ்யூம் தேர்ந்தெடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்.

530 என்று வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 550 என்றால் அந்த இடத்தில் எழுத அனுமதி இல்லை, பெரும்பாலும் தவறான கோப்புறையில் நிற்கிறீர்கள். இரண்டும் பழைய எஃப்டிபி-யின் எண்கள், எஸ்எஃப்டிபி-யில் இதையே சொற்களில் சொல்லும். இணைப்பே கிடைக்காமல் நேரம் முடிந்துபோனால் அலுவலக ஃபயர்வால் போர்ட் 22-ஐ அடைத்திருக்கலாம்.

ஏற்றிய பிறகு வலப்பக்கம் காலியாகவே இருந்தாலும் பதற வேண்டாம். பல நிறுவனங்கள் போட மட்டுமே அனுமதிக்கின்றன, உள்ளே இருப்பதைக் காட்டுவதில்லை. கீழே 'சக்சஸ்ஃபுல் டிரான்ஸ்ஃபர்ஸ்' பட்டியலில் கோப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

கோப்பு போய்விட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். கேஸில் கோப்பின் பெயர், அளவு, எஸ்எச்ஏ-256 எண், கோளாறு நடந்த நேரம் நான்கையும் எழுதி, கிடைத்ததா என்று கேளுங்கள். கேஸ் மூடும்வரை நகல் உங்களிடம் இருக்கட்டும். மூடியதும் நகலையும் சைட் மேனேஜர் பதிவையும் அழித்துவிடலாம்.