சுருங்கிப்போன தொப்பியை மீட்ட கதை

மழையில் நனைந்த கம்பளி ஃபெல்ட் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்த துணி) தொப்பியை அவசரத்தில் ஹேர் டிரையரால் காயவைத்தேன். தப்பு அங்கேதான். ஈரமும் சூடும் சேர்ந்தால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். மறுநாள் தொப்பி தலையில் இறங்கவே இல்லை. அமுக்கிப் போட்டுக் கழற்றினால் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு.

சரி, ஆவியையே நம்பிப் பார்ப்போம் என்று கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவிட்டேன். உள்பட்டையை வெளியே மடித்து, தலை நுழையும் உள்விளிம்பை ஆவியில் அரை நிமிடம் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். ஃபெல்ட் இளகியதும் இரு கையாலும் மெல்ல இழுத்து, ஆறும்வரை தலையிலேயே வைத்திருந்தேன். கண்ணாடியில் பார்க்கக் கொஞ்சம் கோமாளித்தனமாகத்தான் இருந்தது! மூன்று முறை செய்ததும் ஒரு செ.மீ. அளவுக்கு இடம் கிடைத்தது.

அப்புறம்தான் தலையையே அளந்தேன். காதுக்குச் சற்று மேலே, நெற்றி நடுவில் டேப்பைச் சுற்றினால் 58 செ.மீ. இத்தனை நாள் 57 வாங்கியிருக்கிறேன்.

இப்போது வெயிலுக்குப் பருத்தி அல்லது லினன் கேப். ஓட்டத்துக்குப் பாலியஸ்டர், சீக்கிரம் காயும். பனாமா தொப்பி ஒன்றும் உண்டு. பெயர்தான் பனாமா, பிறந்த ஊர் ஈக்வடார். அதை உச்சியில் கிள்ளித் தூக்குவதில்லை, ஓலை விரிசல் விடும். விளிம்பைப் பிடித்தே எடுக்கிறேன். ஃபெல்ட் குளிர்காலத்துக்கு மட்டும். நனைந்தால் நிழலில், தானாகக் காயும்வரை அதைத் தொடுவதே இல்லை.