டெல்லியிலிருந்து ஊருக்கு: மூணு மணி நேரக் கணக்கை நம்பாதீங்க!

டெல்லிக்கு வந்த புதிதில் அம்மா போனில் கேட்பார்: "ஏம்பா, ப்ளைட்டுல மூணு மணி நேரம்தானே, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." டிக்கெட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கும். சென்னைக்கு வான்வழியே சுமார் 1,760 கி.மீ.; இரண்டே முக்கால் முதல் மூன்று மணி நேரம். ஆனால் டெல்லி முனிர்காவில் வீட்டைப் பூட்டியதிலிருந்து திண்டிவனத்தில் செருப்பைக் கழற்றும் வரை எனக்குப் பத்து மணி நேரம் ஆகிறது. லீவு போடும்போது இந்தப் பத்தைக் கணக்கில் வையுங்கள்.

முதலில் டெர்மினலைப் பாருங்கள். முதல் தீபாவளிக்கு நான் ஜம்மென்று மூன்றாவது டெர்மினலில் போய் நின்றேன். வாசலில் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "டி ஒன்" என்று கையைக் காட்டினார். ஏதோ பக்கத்து வாசல் என்று நினைத்தேன். டாக்சி பிடித்துத்தான் போக வேண்டியிருந்தது. மெட்ரோவும் தனித்தனி: முனிர்கா, ஆர்.கே. புரம்காரர்களுக்கு மெஜந்தா லைனில் முதல் டெர்மினல் நாலே ஸ்டேஷனுக்குள் வந்துவிடும். மூன்றாவதுக்கு நியூ டெல்லி ஸ்டேஷனிலிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ், இருபது நிமிடம். விடிகாலை விமானம் என்றால் மெட்ரோவை மறந்துவிடுங்கள், டாக்சிதான்.

பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு எதிரி மூடுபனி. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலை விமானங்கள் மணிக்கணக்கில் நிற்கும். சில சமயம் கேன்சலே ஆகிவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆறு மணி விமானத்தைப் போடாதீர்கள். பனி விலகிய பிறகு, பகல் பன்னிரண்டுக்கு மேல் கிளம்புவதாகப் பாருங்கள். கூட ஆயிரம் ரூபாய் ஆனாலும் நான் அதைத்தான் எடுப்பேன்.

மீனம்பாக்கத்தில் இறங்கியதும் பழைய ஞாபகத்தில் கோயம்பேட்டுக்கு ஓடாதீர்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தாகிவிட்டது. திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை பஸ்ஸெல்லாம் அங்கிருந்துதான். கோவைப் பக்கத்துக்காரர்கள் சென்னைக்கே வர வேண்டாம், டெல்லியிலிருந்து நேராகக் கோவைக்கே விமானம் இருக்கிறது.

ரயில்? தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 2,180 கி.மீ., 33 மணி நேரம், ஜி.டி. (கிராண்ட் டிரங்க்) எக்ஸ்பிரஸில் இன்னும் கொஞ்சம் கூட. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 அக்டோபர் வரை இருந்த 120 நாள் கணக்கை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தீபாவளி, பொங்கல் என்றால் முன்பதிவு திறக்கும் நாளன்று காலை எட்டு மணிக்கே லாகின் செய்து தயாராக இருங்கள்.

அம்மா இன்னும் ரயிலில்தான் வருகிறார். விமான டிக்கெட் எடுத்துத் தருகிறேன் என்றால், "மாவடு ஜாடிய மடியில வச்சுக்க விடுவானா?" என்கிறார்.