டெவலப்பராகப் பெயர் எடுக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை தேடும் ஜூனியர்கள் தங்கள் கிட்ஹப் (ப்ரோக்ராம்களைப் போட்டுவைத்துப் பகிரும் தளம்), லிங்க்ட்இன் பக்கங்களை அனுப்பி "அண்ணா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். திறந்து பார்த்தால், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் வரிசை மாறாமல் இருக்கும். ஃபோட்டோ தெளிவாக இருக்கட்டும், எழுத்துப்பிழை வேண்டாம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். பெயர் கெட்ட பிறகுதான் புரியும் என்கிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அடுத்தவர் ரெப்போவில் உங்கள் பெயரை எழுதுவது

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிற விஷயம் இது.

டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் விழாவை நடத்துகிறது. 2020இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் (அடுத்தவர் ப்ராஜெக்டில் 'இந்த மாற்றத்தைச் சேருங்கள்' என்று கேட்பது) அனுப்பினால் ஒரு டி-ஷர்ட் கிடைக்கும் என்று இருந்தது. உடனே உலகம் முழுக்க ஓப்பன் சோர்ஸ் ரெப்போக்களில், அதாவது எல்லோருக்கும் திறந்துவிட்ட ப்ராஜெக்ட் கிடங்குகளில், குப்பை வந்து விழ ஆரம்பித்தது. ப்ராஜெக்டை அறிமுகப்படுத்தும் ரீட்மீ ஃபைலில் 'அமேசிங் ப்ராஜெக்ட்' என்று ஒரு வரி, தலைப்பில் தேவையில்லாத ஓர் அடைமொழி, நன்றாக இருந்த வாக்கியத்தில் ஒரு காற்புள்ளி. இவற்றில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போனது என்ற பேச்சும் அப்போதே எழுந்தது. மாதம் பிறந்த சில நாட்களிலேயே, தாங்களாக முன்வந்து சேர்ந்த ரெப்போக்களில் அனுப்பினால்தான் கணக்கு என்று விதியை மாற்றினார்கள். 2023இல் டி-ஷர்ட்டையே நிறுத்திவிட்டார்கள்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸுக்கு இதே கதி. நோட்.ஜேஎஸ்ஸில் வெப் சர்வர் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த ஃப்ரேம்வொர்க் அது. புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது எப்படி என்று விளக்கிய ஒரு பயிற்சி வீடியோவில் அந்த ரெப்போவையே உதாரணமாகக் காட்டிவிட்டார்கள். பார்த்த மாணவர்கள் அப்படியே செய்து, ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி அனுப்பித் தள்ளினார்கள்.

அந்தப் பக்கம் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சம்பளமில்லாமல், ஆபீஸ் முடிந்து ராத்திரி உட்கார்ந்து அந்த ப்ராஜெக்டைப் பார்த்துக்கொள்கிற மனிதர். நீங்கள் அனுப்பும் ஒவ்வொன்றும் அவருக்கும், அந்த ரெப்போவை வாட்ச் செய்கிற அத்தனை பேருக்கும் நோட்டிஃபிகேஷனாகப் போகிறது. அவர் திறந்து, படித்து, மூடி, லேபிள் ஒட்ட வேண்டும். உண்மையான பிழையைத் திருத்தி அனுப்பிய ஒருவருடைய வேலை அந்தக் குவியலுக்குள் புதைந்துபோகிறது.

இது உங்களுக்கும் நஷ்டம்தான். நீங்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்டை நீங்களே அழிக்க முடியாது. மூடலாம், ஆனால் அது அங்கேயே, உங்கள் பெயரோடு, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கும். ஒரு நேர்காணலில் இதை நேராகப் பார்த்தேன். ரெஸ்யூமேயில் முதல் வரியே 'ஓப்பன் சோர்ஸ் கான்ட்ரிபியூட்டர்'. பையன் நன்றாகத்தான் பேசினான். கூட இருந்தவர் கிட்ஹப் தேடலில் அவனுடைய யூசர்நேமைப் போட்டு அவன் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்களை எடுத்தார். எல்லாம் ரீட்மீ மாற்றங்கள், எல்லாம் மூடப்பட்டவை, சிலவற்றில் 'ஸ்பாம்' என்று லேபிள். ஸ்க்ரீனை அவன் பக்கம் திருப்பியதும் முகம் மாறிவிட்டது. "சீனியர் சொன்னாங்க சார், எல்லாரும் செஞ்சோம்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் அதன் பிறகு அவன் சொன்ன எதையும் அந்த அறையில் யாரும் முழுதாக நம்பவில்லை. கோடிங் தெரிந்த பையன். தப்பான ஒரு யோசனையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

சரி, என்னதான் செய்வது? நீங்கள் தினமும் பயன்படுத்துகிற லைப்ரரியில் (பிறர் எழுதிவைத்து, நாம் எடுத்துப் பயன்படுத்தும் கோட்) ஆரம்பியுங்கள். எங்கேயாவது உடையும், கட்டாயம் உடையும். எந்த வெர்ஷன், எந்த இன்புட், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று, பத்து வரிக் கோடில் அதே பிழை திரும்ப வரும்படி ஒரு இஷ்யூ, அதாவது பிழை அறிக்கை, எழுதுங்கள். நன்றாக எழுதிய ஒரு இஷ்யூ, ஐம்பது ரீட்மீ திருத்தங்களை விட மேல். அப்புறம் எப்படிப் பங்களிக்க வேண்டும் என்று சொல்லும் அந்த ப்ராஜெக்டின் கான்ட்ரிபியூட்டிங் ஃபைலைப் படித்து, இதை நான் திருத்தட்டுமா என்று கேட்டு, டெஸ்ட்டோடு அனுப்புங்கள். எழுத்துப்பிழை திருத்துவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. படிக்கிறவரைக் குழப்புகிற பிழை என்றால் தாராளமாகத் திருத்துங்கள்.

புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பழக வேண்டுமா? நண்பனின் ரெப்போவில் பழகுங்கள்.

பச்சைக் கட்டங்களுக்காக கமிட் செய்வது

கோடில் செய்த மாற்றத்தைப் பதிவு செய்வதுதான் கமிட். கமிட் செய்த நாளுக்கு உங்கள் கிட்ஹப் பக்கத்தில் ஒரு பச்சைக் கட்டம் விழும். கிட்ஹப் அந்தக் கட்டத்தைக் கமிட்டில் இருக்கும் தேதியை வைத்து நிரப்புகிறது. அந்தத் தேதியை ஒரே கமாண்டில் மாற்றலாம், போன வருஷம் முழுக்கப் பச்சையாக்க ஸ்கிரிப்ட்டே கிடைக்கிறது. இது வேலை கொடுப்பவர்களுக்கும் தெரியும். தொடர்ந்து இத்தனை நாள் கமிட் செய்தார் என்று காட்டிக்கொண்டிருந்த எண்ணிக்கையை கிட்ஹப்பே 2016இல் எடுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தூங்குங்கள்.

ஆபீஸுக்காக எழுதிய ப்ரோக்ராமை போர்ட்ஃபோலியோவில் போடுவது

கூடாது. பெயரை மாற்றிப் போட்டாலும் கூடாது.

ஏபிஐ கீயோடு புஷ் செய்வது

ஏபிஐ கீ என்பது ஒரு சேவையை உங்கள் கணக்கில் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி. பொது ரெப்போக்களில் கீ தேடுவதற்கென்றே பாட்கள் (தானாக ஓடும் ப்ரோக்ராம்கள்) சுற்றுகின்றன, சில நிமிடங்களிலேயே எடுத்துவிடும். அடுத்த கமிட்டில் அழித்தால் போதாது, பழைய கமிட்களின் ஹிஸ்டரியில் இருக்கும். முதலில் அந்தக் கீயை ரத்து செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

எல்லோரும் எழுதுவதையே எழுதுவது

'ரியாக்ட் கற்க பத்து வழிகள்' என்று தினமும் ஒரு பதிவு. யாருக்கும் எழுதியவர் பெயர் நினைவில் நிற்காது. உங்கள் கையில் மாட்டிய சிக்கலை எழுதுங்கள். ஒரு உதாரணம்: பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று வரும். நமக்கோ அது மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைக் குறிக்கும் முறையான யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக இருப்பதால் அப்படி. ஃபார்மில் பெயருக்கு இருபது எழுத்துதான் என்று நீங்கள் எல்லை வைத்தால், தமிழில் பெயர் எழுதுகிறவருக்கு இருபதுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். பேரைப் பாதியில் வெட்டினால், புள்ளி போய் 'தமிழ' என்று நிற்கும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் லைப்ரரியில் எழுத்துகளாகப் பிரிக்க வழி இருக்கிறது. இதை முயன்று பார்த்து, எங்கே வேலை செய்தது, டேட்டாபேஸ் பக்கம் என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டால், இரண்டு வருஷம் கழித்து அதே சிக்கலில் மாட்டுகிற ஒருவர் தேடி வந்து படிப்பார். அவர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக எழுதுங்கள். கணியம் இணைய இதழ் பல வருஷமாகத் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதி வருகிறது, அதைப் படித்து லினக்ஸ் பக்கம் வந்தவர்கள் உண்டு.

யூசர்நேமை மாற்றிக்கொண்டே இருப்பது

காலேஜில் வைத்த 'கோட்கிங்' வகைப் பெயரைப் பிறகு மாற்றுவார்கள். கிட்ஹப்பில் மாற்றினால் பழைய ரெப்போ லிங்க்குகள் புதிய இடத்துக்குப் போகும். ஆனால் பழைய புரொஃபைல் லிங்க் 404தான் (பக்கம் இல்லை), அந்தப் பழைய பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளவும் முடியும். ரெஸ்யூமே, பழைய பதிவுகள், நீங்கள் பேசிய மீட்டப்பின் ஸ்லைடு என்று எல்லாவற்றிலும் அந்த லிங்க் செத்துக் கிடக்கும். மாற்றுவதாக இருந்தால் வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். முடிந்தால் சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, எழுதுவதையெல்லாம் முதலில் அங்கே போட்டுவிட்டு லிங்க்ட்இன்னில் பகிருங்கள். டொமைனுக்கு ஆட்டோ ரென்யூவல் போட்டுவைக்க மறக்காதீர்கள்.