ஐ.நா. பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைமையகம் நியூயார்க், தொடங்கிய ஆண்டு 1945. இதையெல்லாம் யாரும் தவறாக எழுதுவதில்லை. அந்த அமைப்பு எப்படி உருவானது, எப்படி முடிவெடுக்கிறது என்று சொல்ல வரும்போதுதான் புதியவர்கள் வரிசையாக ஒரே இடங்களில் சறுக்குகிறார்கள்.

பன்னாட்டுச் சங்கமே ஐ.நா. ஆனது என்று எழுதுவது

ஆகவில்லை. பன்னாட்டுச் சங்கம் முதல் உலகப் போருக்குப் பின் உருவான வேறொரு அமைப்பு. ஐ.நா. சாசனம் நடைமுறைக்கு வந்தது 1945 அக்டோபர் 24. பழைய சங்கம் கலைக்கப்பட்டது 1946 ஏப்ரலில். இடையில் சில மாதங்கள் இரண்டுமே இருந்தன.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கதையைத் தொடங்குவது

'ஐக்கிய நாடுகள்' என்ற பெயர் முதலில் இரண்டாம் உலகப் போரில் உருவான ஒரு போர்க்கூட்டணியின் பெயர். 1942 ஜனவரி 1 அன்று வெளியான பிரகடனத்தில் 26 நாடுகள் இருந்தன. 1944இல் வாஷிங்டனில் உள்ள டம்பார்டன் ஓக்ஸ் மாளிகையில் அமைப்பின் வரைவு தயாரானது. ஆனால் வல்லரசுகள் எப்படி வாக்களிப்பது என்பதில் அங்கே உடன்பாடு வரவில்லை. 1945 பிப்ரவரியில் அமெரிக்க, பிரிட்டன், சோவியத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டில்தான் வந்தது. இதை விட்டுவிட்டால் வீட்டோ, அதாவது ஒரே எதிர்ப்பு வாக்கால் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமை, எங்கிருந்து வந்தது என்று வாசகருக்குப் புரியாது. 1945 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் சாசனத்தில் கையெழுத்திட்டவை 50 நாடுகள். போலந்து பிறகு கையெழுத்திட்டதால் தொடக்க உறுப்பினர்கள் 51.

'ஐ.நா. தீர்மானம் நிறைவேற்றியது' என்று மட்டும் எழுதுவது

மிக அதிகமாகக் காணப்படுவதும், மிக அதிகம் கெடுப்பதும் இதுதான். எந்தச் சபை என்று சொல்லாவிட்டால் அந்தச் செய்திக்குப் பொருளே இல்லை. பொதுச்சபையில் 193 நாடுகளுக்கும் தலா ஒரு வாக்கு, வீட்டோ கிடையாது. ஆனால் போர், அமைதி குறித்த அதன் தீர்மானங்கள் பரிந்துரைகளே. பாதுகாப்பு சபையில் இருப்பவை 15 நாடுகள்தான். அது எடுக்கும் முடிவுகளைச் செயல்படுத்த எல்லா உறுப்பு நாடுகளும் சாசனத்தின் 25ஆம் பிரிவின்படி கடமைப்பட்டவை. பரிந்துரையைக் கட்டளை என்று படித்த வாசகர், மறுநாள் எதுவும் மாறாததைப் பார்த்து 'ஐ.நா. தோற்றுவிட்டது' என்று முடிவுகட்டுகிறார். அந்த முடிவுக்குப் பொறுப்பு எழுதியவர்தான்.

அடுத்தது வாக்கு எண்ணிக்கை. பாதுகாப்பு சபையில் தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்குகள் வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சீனா, முன்பு சோவியத் ஒன்றியம் இருந்த இடத்தில் ரஷ்யா) எவரும் எதிர்த்து வாக்களித்திருக்கக் கூடாது. வாக்களிப்பிலிருந்து விலகி நிற்பது வீட்டோ ஆகாது. வராமல் இருப்பதும் ஆகாது: 1950 ஜூனில் சோவியத் ஒன்றியம் சபையைப் புறக்கணித்திருந்தபோதுதான் தென்கொரியாவுக்கு உதவக் கோரும் தீர்மானம் நிறைவேறியது.

சபை எப்படி இயங்குவது என்பது பற்றிய நடைமுறை விஷயங்களில் வீட்டோவே செல்லாது. இதை 2022இல் மூன்றே நாட்களில் பார்க்க முடிந்தது. பிப்ரவரி 25 அன்று உக்ரைன் மீதான தாக்குதலைக் கண்டிக்கும் வரைவுக்கு ஆதரவு 11, எதிர்ப்பு 1, விலகியவை 3. எதிர்த்தது ரஷ்யா, வரைவு வீழ்ந்தது. பிப்ரவரி 27 அன்று பொதுச்சபையின் அவசரக் கூட்டத்தைக் கூட்டும் தீர்மானத்துக்கும் அதே 11, 1, 3. எதிர்த்ததும் அதே ரஷ்யா. இது நிறைவேறியது, ஏனென்றால் கூட்டத்தைக் கூட்டுவது நடைமுறை விஷயம். மார்ச் 2 அன்று பொதுச்சபை 141 வாக்குகளுடன் கண்டனத் தீர்மானத்தை ஏற்றது. எண்ணிக்கையை மட்டும் எழுதி, சபையையும் விஷயத்தின் வகையையும் விட்டவர்கள் மூன்று நாளும் வாசகரைக் குழப்பினார்கள்.

எழுதுமுன் தீர்மானத்தின் குறியீட்டைப் பாருங்கள். 'ஏ' (A) என்று தொடங்கினால் பொதுச்சபை, 'எஸ்' (S) என்றால் பாதுகாப்பு சபை. பார்க்கப் பத்து வினாடி போதும்.

ஐ.நா.வின் ராணுவம்

அப்படி ஒன்று இல்லை. அமைதிப்படையினர் உறுப்பு நாடுகள் தரும் வீரர்கள். நிரந்தரமாகப் படை ஒதுக்கச் சாசனத்தின் 43ஆம் பிரிவு வழிசெய்தது. அதன்படி ஒரு ஒப்பந்தமும் கையெழுத்தாகவில்லை.

இரண்டு ஹேக் நீதிமன்றங்களைக் கலப்பது

இரண்டும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கின்றன. சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வின் ஓர் அங்கம், அங்கே வழக்காடுபவை நாடுகள். தனிநபர்களை விசாரிக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் ரோம் உடன்படிக்கையால் உருவான தனி அமைப்பு.

'பொதுச்செயலாளர் உத்தரவிட்டார்'

நாடுகளுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. அமைதிக்கு ஆபத்து என்று கருதும் விஷயத்தை 99ஆம் பிரிவின்படி பாதுகாப்பு சபையின் கவனத்துக்குக் கொண்டுவரலாம்; முடிவு சபையுடையது.