சியெம் ரீப் போகிறவர்களுக்கு: கோயில் சீட்டை விட்டு விட்டுப் பயன்படுத்துங்கள்

கம்போடியாவில் சியெம் ரீப் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் அங்கோர் கோயில்களுக்கு 62 டாலர் மூன்று நாள் சீட்டு எடுத்தால், தொடர்ந்து போகாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போங்கள். சீட்டு 10 நாள் வரை செல்லும். போகிற நாள் மட்டும்தான் கணக்கில் வரும். வெயிலில் செங்குத்துப் படியேறிக் கால் கடுத்த மறுநாள் ஊருக்குள்ளேயே இருக்கலாம். ஆர்ட்டிசான்ஸ் அங்கோர் பட்டறையில் கல் செதுக்குவதையும் அரக்குப் பூசுவதையும் இலவசமாகவே சுற்றிக் காட்டுகிறார்கள் (கடைசியில் கடைக்குள்தான் கொண்டுபோய் விடுவார்கள், அது வேறு கதை). அப்புறம் அமோக் என்கிற கம்போடிய மீன் கறி சமைக்கப் பழகலாம், இரவில் ஃபாரே சர்க்கஸ் பார்க்கலாம். இதற்கெல்லாம் கோயில் சீட்டு வேண்டாம்.

37 டாலர் ஒருநாள் சீட்டுக்கு இது பொருந்தாது. மொத்தமே மூன்று நாள்தான் தங்குகிறீர்கள் என்றாலும் பயனில்லை.