ஜன்னலோரம் குரைக்கும் நாய்க்கு ஒரு ஸ்டிக்கர்

தெருவைப் பார்த்துக் குரைக்கும் நாய் இருந்தால், ஜன்னல் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது. நாய் குரைத்தாலும் குரைக்காவிட்டாலும், தெருவில் போகிறவர் எப்படியும் போய்விடுவார். நாயோ தான் குரைத்ததால்தான் போனார் என்று நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அதற்கு வெற்றிதான், அதனால் பழக்கம் இறுகுகிறது. பார்வையை மறைத்தால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும்.

உயரத்தில்தான் பலர் கோட்டை விடுவார்கள். பின்னங்காலில் நின்றால் நாயின் கண் எட்டும் இடத்துக்கும் ஒரு சாண் மேலே வரை ஒட்டுங்கள். பக்கத்தில் சோபா கிடந்தால் நகர்த்துங்கள். ஒட்டும்போது கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் குமிழி வராது.

சத்தம் கேட்டுக் குரைக்கும் நாய்க்கும், தனியாக விட்டால் பதறும் நாய்க்கும் இது உதவாது.