ஃபார்முலா 1 ஃபேன்டஸி: 100 மில்லியனை எப்படிப் பிரிப்பது?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் அதிகாரபூர்வ ஃபேன்டஸி ஆட்டத்தில் (கற்பனைப் பணத்தில் நிஜ டிரைவர்களை வாங்கி டீம் அமைத்து, அவர்களின் பந்தய முடிவுகளுக்குப் புள்ளி எடுப்பது) புதிதாகச் சேருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். முதலில் பிடித்த டிரைவர், அடுத்து அவருக்கு ஈடான இன்னொருவர். மூன்றாவது ஆளைத் தேடும்போதே கைக்காசு கரைந்திருக்கும். மிச்சத்தை வைத்து யாரையோ போட்டு டீமை ஒப்பேற்றிவிடுவார்கள். இந்த ஆட்டத்தில் பந்தய அறிவுக்கு நிகராகப் பணக் கணக்கும் வேலை செய்கிறது. அதை முதலிலிருந்து பார்ப்போம்.

விதி எளிது. 100 மில்லியன் டாலர் கற்பனைப் பணம். அதற்குள் ஐந்து டிரைவர்கள், இரண்டு கன்ஸ்ட்ரக்டர்கள் (மெக்லாரன், ஃபெராரி போன்ற அணிகள்). இங்கே நான் சொல்லும் எண்கள் 2025 சீசன் வரையிலானவை. விதிகளை ஆண்டுதோறும் கொஞ்சம் மாற்றுவார்கள் என்பதால், சீசன் தொடங்கும்போது விதிப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 1: கன்ஸ்ட்ரக்டரிலிருந்து தொடங்குங்கள்

டிரைவரை விட்டுவிட்டு கன்ஸ்ட்ரக்டரை ஏன் முதலில் எடுக்க வேண்டும்? 2025 தொடக்கத்தில் நாரிஸின் விலை 29 மில்லியன், பியாஸ்ட்ரியின் விலை 23. இருவரையும் எடுத்தால் 52 போய்விடும். அவர்கள் ஓட்டும் மெக்லாரன் அணியின் விலையோ 30 மில்லியன்தான். அந்த இருவரும் எடுக்கும் புள்ளிகளில் ஏறக்குறைய எல்லாமே கன்ஸ்ட்ரக்டருக்கும் வந்து சேரும். அதற்கு மேல் தகுதிச் சுற்று (பந்தயத்தில் யார் எந்த இடத்தில் தொடங்குவது என்பதை முடிவு செய்யும் சுற்று) போனஸ் இருக்கிறது, வேகமான பிட் ஸ்டாப்புக்கும் (பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிறுத்துவது) தனிப் புள்ளி இருக்கிறது. ஒரே குறை, ஒருவர் பாதியில் நின்றால் அந்த மைனஸும் அணியின் கணக்கில் ஏறும். அப்படியிருந்தும் போட்ட காசுக்குக் கன்ஸ்ட்ரக்டர்தான் அதிகம் தருகிறது. அதனால் பலம் வாய்ந்த ஒரு அணியை முதலில் உள்ளே போட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

படி 2: மிச்சத்தைக் கூறுபோடுங்கள்

பேச்சுக்கு ஒரு கணக்கு. கன்ஸ்ட்ரக்டர்கள் 30 + 25 = 55 என்றால், ஐந்து டிரைவர்களுக்கு 45 மிஞ்சும். அதில் ஒரு முன்னணி டிரைவருக்கு 25 கொடுத்தால் மற்ற நால்வருக்கும் ஆளுக்கு 5. இது நடக்கும், ஆனால் நால்வருமே கடைசி வரிசை ஆட்களாக இருப்பார்கள். இரண்டாவது கன்ஸ்ட்ரக்டரை 10 மில்லியனில் முடித்தால் டிரைவர்களுக்கு 60 கிடைக்கும். 28-க்கு ஒருவர், 14-க்கு ஒருவர், மூன்று பேர் ஆளுக்கு 6. எது சரி என்பது அந்த ஆண்டு எந்த விலையில் நல்ல சரக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. படி 1-இல் சொன்ன காரணத்தால் என் ஓட்டு முதலாவதுக்குத்தான்.

படி 3: மலிவான டிரைவரைப் பார்த்து எடுங்கள்

புதியவர்கள் அதிகம் கோட்டை விடும் இடம் இதுதான். தகுதிச் சுற்றில் முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாம் இடத்துக்கு 1. பந்தயத்தில் முன்னேறும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி கூடும், பின்தங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று குறையும். இதை வைத்து இரண்டு பேரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒருவர் 8-ஆம் இடத்தில் தொடங்கி 13-இல் முடிக்கிறார். தகுதிச் சுற்றில் 3 புள்ளி, ஐந்து இடம் இழந்ததால் மைனஸ் 5. மொத்தம் மைனஸ் 2. இன்னொருவர் 18-இல் தொடங்கி அதே 13-இல் முடிக்கிறார். அவருக்கு பிளஸ் 5, முந்திய கார்களுக்குத் தனிப் புள்ளி. இருவரும் முடித்தது ஒரே இடம்தான்!

ஆக, சனிக்கிழமைத் தகுதிச் சுற்றில் மட்டும் ஜொலித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் சரிகிற மலிவு டிரைவர் நமக்கு வேண்டாம். பின்னால் தொடங்கி ஊர்ந்து முன்னேறுபவர்தான் வேண்டும். 2025 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் ஹல்கன்பெர்க் 19-ஆம் இடத்தில் தொடங்கி மூன்றாவதாக முடித்தார். மூன்றாம் இடத்துக்கு 15, முன்னேறிய 16 இடங்களுக்கு 16. முந்தியதற்கான புள்ளிகளைச் சேர்க்காமலே 31! இப்படி எப்போதாவதுதான் நடக்கும், ஆனால் நடக்கும்போது உங்கள் டீமில் அப்படி ஒருவர் இருக்க வேண்டும்.

படி 4: பணத்தை வளர விடுங்கள்

100 மில்லியன் என்பது தொடக்கத் தொகை மட்டுமே. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் விலைகள் மாறும். நீங்கள் வைத்திருப்பவரின் விலை ஏறினால் உங்கள் டீமின் மதிப்பும் ஏறும். விற்கும்போது அன்றைய விலை முழுதாகக் கையில் வரும்.

விலை எதைப் பார்த்து மாறுகிறது? கடைசி மூன்று பந்தயங்களின் சராசரிப் புள்ளியை விலையால் வகுத்துப் பாருங்கள். 2025-இல் ஆடியவர்கள் போட்ட கணக்குப்படி விடை 0.9-ஐத் தாண்டினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும். 8 மில்லியன் டிரைவர் சராசரியாக 10 புள்ளி எடுத்தால் 1.25, ஆகவே ஏறுவார். 26 மில்லியன் டிரைவர் 22 எடுத்தாலும் 0.85தான். புள்ளியை அள்ளிக் கொடுத்துக்கொண்டே விலையில் இறங்குவார்.

மலிவானவர்களின் விலை ஒரு பந்தயத்தில் 0.6 மில்லியன் வரை நகரும், விலை உயர்ந்தவர்களுக்கு 0.3 வரைதான். மூன்று மலிவு டிரைவர்கள் நான்கு பந்தயங்களுக்குத் தலா 0.6 ஏறினால் 7.2 மில்லியன் சேர்ந்துவிடும். 5 மில்லியன் டிரைவர் இருந்த இடத்தில் 12 மில்லியன் டிரைவரை வைக்கலாம். சீசனின் முதல் சில வாரங்களில் பத்துப் பதினைந்து புள்ளி குறைந்தாலும் பரவாயில்லை என்று இந்த ஏறுமுக ஆட்களை வைத்திருப்பது இதற்காகத்தான்.

படி 5: மாற்றங்களைச் சிக்கனமாகச் செய்யுங்கள்

ஒரு பந்தயத்துக்கு இரண்டு மாற்றங்கள் இலவசம். பயன்படுத்தாததில் ஒன்றை அடுத்த பந்தயத்துக்குக் கொண்டுபோகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 10 புள்ளி கழியும். புதியவர் பழையவரைவிட 10 புள்ளிக்கு மேல் எடுப்பார் என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய இலவசத்துக்கு மேல் ஒரு மாற்றத்தைத் தொடாதீர்கள்.

ஒரு மோசமான பந்தயத்தைப் பார்த்துப் பதறி விற்பதும் வேண்டாம். 2024 ஆஸ்திரேலிய கிராண்ட் பிரீயில் முதலிடத்தில் தொடங்கிய வெர்ஸ்டாப்பன் பிரேக் தீப்பற்றி நான்காவது சுற்றிலேயே வெளியேறினார். தகுதிச் சுற்றுக்கு 10, பந்தயத்தை முடிக்காததற்கு மைனஸ் 20. இரட்டிப்புப் புள்ளியையும் (டீமில் ஒரு டிரைவரின் புள்ளியை இரண்டு மடங்காக்கும் வசதி) அவர் மேல் வைத்திருந்தவர்களுக்கு அந்த நஷ்டமும் இரட்டிப்பானது. அன்றைக்கு அவரை விற்றவர்கள் அடுத்த பந்தயமான ஜப்பானில் அவர் ஜெயித்ததை வெளியே நின்று பார்த்தார்கள்.

படி 6: சிப்களும் கடைசிப் பந்தயங்களும்

சிப் என்றால் வேண்டிய பந்தயத்தில் எடுத்துப் போடும் சிறப்புச் சலுகை. வைல்ட்கார்டு சிப் போட்டால் எத்தனை மாற்றம் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் பட்ஜெட்டுக்குள். லிமிட்லெஸ் சிப்பில் ஒரு பந்தயத்துக்கு மட்டும் பட்ஜெட்டே கிடையாது, முடிந்ததும் பழைய டீம் திரும்பிவிடும். டீம் மதிப்பு ஏறிய பிறகு லிமிட்லெஸ்ஸின் லாபம் குறைந்துகொண்டே போகும் என்பதால் அதைச் சீசனின் முதல் பாதியிலேயே பயன்படுத்திவிடுங்கள்.

கடைசி மூன்று பந்தயங்களில் விலை ஏறுமா இறங்குமா என்ற கவலையை விட்டுவிடலாம். சேர்த்த பணத்துக்கு அதன் பிறகு வேலை இல்லை. அப்போது புள்ளியை மட்டும் பார்த்து, கையிருப்பு முழுவதையும் செலவழியுங்கள். தகுதிச் சுற்று தொடங்கியதும் டீம் பூட்டப்படும், ஸ்பிரின்ட் (குறுகிய கூடுதல் பந்தயம்) உள்ள வாரங்களில் அதற்கும் முன்பே பூட்டிவிடுவார்கள். எனவே வெள்ளிக்கிழமைப் பயிற்சியைப் பார்த்த கையோடு மாற்றங்களைச் சேமித்துவிடுங்கள்.